எலும்பரசன் டப்பா

"என் வாய், என் வயிறு. நடுவுல அரசாங்கத்துக்கு என்ன வேலை?"

மைக்கைப் பிடித்து மாமனார் இப்படிக் கேட்டதும் ஹாலில் கைதட்டல் பறந்தது.

மேடையில் இருந்த உணவுப் பாதுகாப்பு அலுவலருக்குக் காது சூடானது. வேறு யாராவது கேட்டிருந்தால் பரவாயில்லை. காலையில் அவள் போட்ட காபியைக் குடித்துவிட்டு, அவளுடைய ஸ்கூட்டரிலேயே பின்னால் உட்கார்ந்து வந்த சொந்த மாமனார்!

சத்துப் பவுடரோ சத்து மாத்திரையோ, பரிசோதனை செய்து, உள்ளே என்ன இருக்கிறது என்று டப்பா மேல் எழுதிய பிறகே விற்க வேண்டும். அப்படி ஒரு புது விதி வரப்போகிறது. அதற்கு மக்களிடம் கருத்துக் கேட்கத்தான் இந்தக் கூட்டம். அரை மணி நேரமாக அவள் விதிகளை வாசித்திருந்தாள். முன்வரிசையில் ஒருவர் குறட்டையே விட்டார். அடுத்துப் பேசிய பவுடர் விற்பனையாளர் சங்கத் தலைவர், "உங்க தட்டுல கை வைக்கிறாங்க!" என்று ஒரே வரியில் ஹாலை எழுப்பி உட்கார வைத்துவிட்டார்.

இப்போது மாமனார் வேறு.

"முப்பத்தஞ்சு வருஷம் நான் லிஃப்ட் மெக்கானிக். ஓடற லிஃப்டுக்கு மெக்கானிக்கை யார் கூப்பிடறா? எல்லா மாடிக்கும் படியேறித்தான் போனேன். முட்டி ரெண்டும் போச்சு. டாக்டருங்க கையை விரிச்சுட்டாங்க." பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் தூக்கிக் காட்டினார். "மூணு மாசத்துக்கு மேல இதுதான். இன்னிக்கு இந்த மூணாவது மாடிக்கு நடந்தே ஏறி வந்தேன்!"

டப்பா மேல் 'எலும்பரசன்' என்று பெரிதாக எழுதியிருந்தது.

சங்கத் தலைவர் ஓடிவந்து மாமனாரைக் கட்டிக்கொண்டார். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் கைப்பையைத் துழாவிப் பேனாவை எடுத்தாள்.

"எலும்பரசனா சொன்னீங்க? எங்கம்மாவுக்கும் முட்டிவலிதான். போற வழியிலேயே வாங்கிடறேன்."

நாலைந்து பேர் போனில் டப்பாவைப் படம் பிடித்தார்கள்.

அதற்கு மேல் அவளால் உட்கார முடியவில்லை.

"வாங்காதீங்க!"

மைக்கே தேவைப்படவில்லை.

"மாமனார் மருமகள் சண்டையை வீட்டுல வச்சுக்கலாமே மேடம்," என்றார் தலைவர். ஹால் சிரித்தது.

"அதுல ஸ்டீராய்டு இருக்கு," என்றாள் அவள். "சாப்பிட ஆரம்பிச்ச பத்தாம் நாளே மாமா முகம் வீங்கிடுச்சு. ஒரு ஸ்பூன் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினேன், ஸ்டீராய்டுன்னு ரிசல்ட் வந்துச்சு. வலி குறைஞ்ச மாதிரி இருக்கும், உள்ளே எலும்பையே அரிச்சுடும். மருந்துன்னு சொல்லி வித்தா கடையைப் பூட்டலாம். இவங்க சத்துப் பவுடர்னு விக்கறாங்க. இப்ப இருக்கற சட்டத்துல என்னால ஒரு நோட்டீஸ்தான் குடுக்க முடியும்."

"அப்போ இவர் எப்படி மாடி ஏறினார்?" பேனாக்காரப் பெண் விடவில்லை.

ரிசல்ட் வந்த அன்றைக்கே அவள் சொல்லிப் பார்த்திருந்தாள், கெஞ்சியும் பார்த்திருந்தாள். 'உங்க ஆபீசுக்கு எதைப் பார்த்தாலும் விஷம்தான்' என்று மாமனார் டப்பாவைக் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"ரிசல்ட் வந்ததுக்கு அப்புறம் அவர் சாப்பிட்டது எலும்பரசன் இல்லை. ஓட்ஸ், எள்ளு, பாதாம். அவர் குளிக்கப் போன நேரத்துல பவுடரைக் கொட்டிட்டு, நான் வறுத்து அரைச்சதைப் போட்டு வச்சேன். 'சாப்பிட்டதும் அரை மணி நடந்தாத்தான் பலன்'னு டப்பா மேல சீட்டு ஒட்டினதும் நான்தான். நடந்து நடந்துதான் முட்டி தேறிச்சு."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"உள்ளே இருக்கறதை மறைக்கக் கூடாதுன்னு இவ்வளவு நேரம் வாசிச்சது நீங்கதானே மேடம்?"

சிரிப்பு வெடித்தது. அவள் முகம் சிவந்துபோனது.

"தப்புதான். விதி வந்ததும் முதல் வழக்கை என் மேலயே போடுங்க."

பேனாக்காரப் பெண் தாளில் எழுதியிருந்த எலும்பரசன் பெயரை அடித்துவிட்டு, "ஓட்ஸ் எவ்வளவு, எள்ளு எவ்வளவு?" என்று கேட்டாள். விதிக்கு ஆதரவாகக் கையெழுத்துப் போட வாசல்வரை வரிசை நின்றது. சங்கத் தலைவரோ மாமனார் இருந்த பக்கமே திரும்பவில்லை.

இருவரும் ஸ்கூட்டர் நிற்கும் இடத்துக்கு வந்தார்கள்.

"மன்னிச்சுடுங்க மாமா. மூணு மாசமா உங்களை ஏமாத்திட்டேன்."

"யாரு ஏமாந்தா? நீ பவுடரை மாத்தின முதல் நாளே பல்லுல எள்ளு மாட்டிச்சு. ஒரு மாச டப்பா மூணு மாசமாத் தீரவும் இல்லை."

அவள் சாவியைப் போடாமல் திரும்பிப் பார்த்தாள்.

"தெரிஞ்சுமா டப்பாவைத் தூக்கிட்டு வந்து என் மானத்தை வாங்கினீங்க?"

"நீ தாளைப் பார்த்துப் படிச்சே, ஹாலே தூங்கிச்சு. என்னை எதிர்த்துப் பேசினே, வரிசையில நிக்கறாங்க."

"அப்போ நீங்க முழங்கின உரிமை, சுதந்திரமெல்லாம் நடிப்பா?"

"சேச்சே, அது நிஜம்மா." மாமனார் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தார். "என்ன சாப்பிடணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன். எலும்பரசன் வேண்டாம், மருமகள் அரைச்சதே போதும்னு மூணு மாசத்துக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டேன்!"