பெயர்த்தெடுக்கும் வேகத்தடை

திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெரு மூன்று இடத்தில் வளைகிறது. நடு வளைவில் தெருக்காரர்களே சேர்ந்து போட்ட சிமெண்ட் வேகத்தடையை, அனுமதி இல்லையென்று மாநகராட்சி ஆட்கள் இரண்டு பேர் கடப்பாறையால் பெயர்க்கிறார்கள். பத்து மணி வெயிலில் வெள்ளைத் தூள் பறக்கிறது. போன ஆடியில் இதே வளைவில் வேன் மோதிக் கணவனைப் பறிகொடுத்த சௌந்தரம், தன் வீட்டு வாசலில் நின்று பார்க்கிறாள். "அனுமதி கேட்டு நாலு தடவ மனு குடுத்தோம் சார்," என்கிறாள். வேலையை மேற்பார்வையிட வந்த அதிகாரி செல்போனிலிருந்து நிமிராமல், "அஞ்சாவதா ஒண்ணு குடுங்கம்மா," என்கிறார். கடப்பாறை பிடித்தவர்களில் ஒருவர் கையை நிறுத்துகிறார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "எம் பொண்ணும் ஸ்கூலுக்கு இந்த வழியாதாங்க்கா போவுது," என்கிறார் அவளிடம், மெதுவாக. பிறகு கடப்பாறையை மறுபடியும் ஓங்குகிறார்.