வலது காதின் பின்புறம்

கொளஞ்சி அண்ணன் என் தலையைப் பார்த்ததும் கையில் எடுத்த கத்திரிக்கோலைத் திரும்ப மேசைமேல் வைத்துவிட்டார்.

“வீட்ல முழுவாம இருக்காங்கன்னு சொன்னாங்களே தம்பி. நான் கை வெக்க மாட்டன்.”

நெல்லித்தோப்பில் ஒரு வீட்டில் வாந்தி எடுத்தால் நாலு தெருவுக்குத் தெரிந்துவிடும். பெண்டாட்டி பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தால் புருஷன் முடி வெட்டக் கூடாது, தாடி எடுக்கக் கூடாது. பிள்ளை பிறந்த பிறகுதான் கத்திரி.

“ஆயிடுச்சிண்ணே. நேத்து.”

“அதுக்குள்ளயா? இன்னும் மாசம் இருக்குன்னாங்க?”

“கொஞ்சம் முன்னாடியே.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. என்ன பிள்ளை என்று கேட்டார். ஆண் என்றேன். வெள்ளைத் துணியை உதறி என் கழுத்தில் கட்டினார்.

நாளைக்குப் பத்து மணிக்கு இன்டர்வியூ. மருந்துக் கம்பெனியில் ரெப்ரசென்டேடிவ் வேலை. மில் ஆபீசில் கிளார்க்காக இருந்தவன் நான். மில்லை மூடிப் பதினான்கு மாதம் ஆகிறது. இதை விட்டால் எனக்கு வயது தாண்டிவிடும். பார்க்க டீசன்ட்டாக வர வேண்டும் என்று கடிதத்திலேயே போட்டிருந்தார்கள்.

என் முடியோ சுருட்டை. சாதாரணச் சுருட்டை இல்லை, சீப்பின் பல்லை உடைக்கிற சுருட்டை. எண்ணெய் வைத்து அழுத்தி வாரினாலும் தெருமுனை போவதற்குள் எழுந்து நின்றுகொள்ளும். ஆறு மாதம் வெட்டாமல் விட்டதில் காக்கை வந்து முட்டையிடலாம் என்கிற அளவுக்கு வந்திருந்தது.

இந்தத் தலையோடும் தாடியோடும் மூன்று இன்டர்வியூவுக்குப் போனேன்.

முதல் இடத்தில், மலைக்கு மாலை போட்டிருக்கிறீர்களா என்று கேட்டார்கள். இரண்டாவது இடத்தில், எந்த ஊர்க் கூத்தில் வேஷம் கட்டுகிறீர்கள் என்று கேட்டுச் சிரித்தார்கள். மூன்றாவது இடத்தில் இருந்தவர் பிரான்சில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர், ஆபீசில் எல்லோரும் ‘முசியே’ என்றுதான் மரியாதையாகக் கூப்பிட்டார்கள். அவர் எதுவும் கேட்கவில்லை. என் சர்டிபிகேட்டுகளைத் திறக்காமலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு வீடுவரை நடந்தே வந்தேன்.

காரணத்தைச் சொல்லியிருக்கலாம். டிகிரி படித்தவன் அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது?

வெட்டியும் இருக்கலாம். ஆனால் அஞ்சலாட்சி என் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

சுவரில் ஒட்டியிருந்த தாளில் பன்னிரண்டு தலைகள். பன்னிரண்டும் படிந்த முடி. எனக்கானது அதில் இல்லை.

“சுருட்டைய ரொம்ப ஒட்ட வெட்டக் கூடாது தம்பி. பின்னால ஒரு விரக்கடை விட்டுட்டா பேங்கு மேனேஜர் கணக்கா இருக்கும்.”

பின்னால் விட வேண்டாம் என்றேன். காதோரமும் விட வேண்டாம். எல்லாம் ஒரே அளவாக ஒட்ட வெட்டிவிடச் சொன்னேன்.

அவருக்கு அதில் இஷ்டமில்லை. ஆனாலும் வெட்டினார். தண்ணீர்கூடத் தெளிக்கவில்லை. சுருட்டையை ஈரத்தில் அளந்து வெட்டினால் காய்ந்ததும் மேலே ஏறிக்கொள்ளுமாம்.

வலது காதின் பின்னால் வந்ததும் கத்திரி நின்றது. அங்கே ஒரு கொத்து முடி ஏற்கெனவே இல்லை. விரலால் தடவிப் பார்த்தார்.

“இங்க யாரு வெட்டுனது?”

“கட்டி வந்துச்சிண்ணே. மருந்து போட வெட்டுனாங்க.”

ம் கொட்டிவிட்டு மெஷினை எடுத்தார்.

தாடியும் போன பிறகு கண்ணாடியில் யாரோ ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். அடக்கமானவன், சொன்ன பேச்சைக் கேட்பவன். அவனுக்கு யார் வேண்டுமானாலும் வேலை கொடுப்பார்கள். எனக்கு அவனைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

கொளஞ்சி அண்ணன் கழுத்தில் பவுடர் போட்டுவிட்டார்.

“மொதல் மொட்ட நான்தான் போடுவன், வேற ஆளக் கூப்புடக் கூடாது. ஆமா, புள்ளைக்கும் ஒன்ன மாதிரி சுருட்டையா?”

சுருட்டைதான் என்றேன்.

ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிக் காட்டியபோது நான் முதலில் பார்த்தது அதைத்தான். நெற்றியில் ஈரமாக ஒட்டியிருந்தது. எட்டாம் மாதம். கண் திறக்கவில்லை, அழவும் இல்லை. அழாமல் பிறந்த பிள்ளைக்குக் கருமாதி கிடையாது, அப்பன் மொட்டை போட்டுக்கொள்வதும் கிடையாது. மாமனாரும் நானும் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தோம்.

வார்டுக்குத் திரும்பியபோது அஞ்சலாட்சி என்னிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்.

“நீங்க தலையில கை வெக்கல இல்ல?”

இல்லை என்றேன்.

மூன்றாவது இன்டர்வியூவுக்கு முந்தின நாள், அவள் ஜாக்கெட் தைக்கிற கத்திரியை எடுத்தேன். ஒரே ஒரு கொத்துதான். அதற்குள் அவள் தண்ணீர்க் குடத்தோடு வாசலில் வரும் சத்தம் கேட்டது. கத்திரியைப் போட்டுவிட்டு, மிச்ச முடியை இழுத்து மூடி வாரிக்கொண்டேன். அந்த வேலையும் கிடைக்கவில்லை.

முடிக்கும் பிள்ளைக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்? என் பிள்ளையை நானே கொன்றுவிட்டேன் என்றுதான் இருக்கிறது.

கொளஞ்சி அண்ணன் சின்னக் கண்ணாடியை என் தலைக்குப் பின்னால் பிடித்துக் காட்டினார். எல்லாம் ஒரே அளவு. அந்த இடம் எதுவென்று எனக்கே தெரியவில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இனி அஞ்சலாட்சி தடவிப் பார்க்கலாம்.