மரகதித்தல்

அந்த ஊரில் அன்பு மிகுந்து மூர்ச்சையாவதற்கு மரகதித்தல் என்று பெயர். மாப்பிள்ளையை முதன்முதலாகக் காணும் மணப்பெண் மரகதிக்க வேண்டும். நிமிர்ந்து நிற்பவளை நெஞ்சில் ஈரமில்லாதவள் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்படி முதன்முதலில் விழுந்த மரகதம் இன்னும் உயிரோடுதான் இருந்தாள். புடவை கசங்காத இடமாகப் பார்த்து விழும் பெண்களைக் கண்டாலே அவளுக்குக் குமட்டும்.

இன்று அவள் மகள் வடிவுக்குக் கல்யாணம். விரதமிருந்தவளின் முன்னால் குண்டான் நிறையப் பழைய சோற்றை வைத்தாள் மரகதம்.

"சாப்பிட்டா எப்படிம்மா விழுவேன்?"

"விழாத. எனக்கு அன்னிக்கு வந்தது ஆசையில்லடி, பசி. பச்சத்தண்ணி பல்லுல படல. உங்கப்பன் மூஞ்சியப் பாத்து எவடி விழுவா?"

"திருப்பி அனுப்பிட்டா?"

"அனுப்பட்டும். இந்தா, வெங்காயத்தக் கடிச்சுக்க."

மேளம் நின்றது. மாப்பிள்ளை உள்ளே வந்தார். பெண்கள் வடிவைத் தாங்கிப் பிடிக்கக் கைகளை நீட்டினார்கள். அவள் அசையாமல் நின்று அவரை ஏற இறங்கப் பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள். மாப்பிள்ளையின் முகம் மெல்ல வெளுத்தது. முழங்கால்கள் தளர்ந்தன. அவருக்குப் பின்னால் யாருமே நிற்கவில்லை.