காற்றுக்கு அடித்த சீழ்க்கை

மே மாத வெயில் ஐரிஷ் கடலோரத்தில் எண்ணெய்போல் படிந்து கிடக்கிறது. நீர்மூழ்கியின் குண்டு பட்ட பயணிகள் கப்பல் மூழ்கிவிட்டது. அது நின்ற இடத்தில் மனிதத் தலைகள் புள்ளிபுள்ளியாக மிதக்கின்றன. போய்ச் சேரக் கார்மக்கின் மீன்படகுக்குக் காற்றில்லை. பழுப்புப் பாய் ஈரத்துணியாகத் தொங்குகிறது. படகிலுள்ள ஆறு பேரும் துடுப்பு வலித்து வலித்து, கைப்பிடிகளில் ரத்தம் பிசுபிசுக்கிறது. படகில் சீழ்க்கை அடித்தால் புயல் வரும் என்று சொந்த மச்சினனையே ஒருநாள் கடலில் தள்ளியவர் கார்மக். இப்போது அவரே எழுந்து நின்று, உதட்டைக் குவித்து, நீளமாகச் சீழ்க்கை அடிக்கிறார்.

“என்ன அத்தான், இதுக்குத்தானே அன்னைக்கு என்னைத் தண்ணியில தள்ளுனீங்க?” என்கிறான் மச்சினன் ஜெரி, துடுப்பை விடாமல்.

“பேசாம நீயும் அடிடா. புயலே வந்தாலும் வரட்டும்.”

ஆறு வாய்களும் சீழ்க்கை அடிக்கின்றன. பாய் அசையவில்லை. ஓய்ந்து மூச்சு வாங்கும்போது, அசையாத தண்ணீரின்மேல், முன்னால் மிதக்கும் தலைகளின் நடுவிலிருந்து, மெலிந்து நடுங்கும் ஒரு சீழ்க்கை பதிலுக்கு வருகிறது. கார்மக் சட்டென்று உட்கார்ந்து துடுப்பைப் பற்றுகிறார்.

“கேட்டுச்சாடா? கூப்பிடுறாங்க. வலிங்கடா!”