வெள்ளை நுரை

விமான ஓடுதளத்தில் பயிற்சிக்காக மூட்டிய தீ அணைந்துவிட்டது. முழங்கால் உயரத்துக்கு வெள்ளை நுரை. டிரைவர் தீயணைப்பு வண்டியை நகர்த்தாமல் கீழே இறங்கி, நுரைக்குள் கைவிட்டுத் துழாவிக்கொண்டே நடந்தார்.

புதிதாக வந்த அதிகாரிக்குப் பொறுக்கவில்லை. "என்னய்யா தேடுற?"

"ஒரு நிமிஷம் சார்."



"போன வருஷ விபத்துல மெடல் வாங்கின ஆளா நீ? நுரைக்குள்ள யாரும் இல்ல, வண்டியை எடு!"

"அன்னைக்கும் வாக்கி டாக்கில இதையேதான் சார் சொன்னாங்க. எடுத்தேன்."

"அதுக்கென்ன இப்ப?"

டிரைவர் நிமிரவில்லை. துழாவுவதையும் நிறுத்தவில்லை.

"விமானத்துல இருந்து தப்பிச்சு வந்த பொண்ணு சார். உடம்புல ஒரு தீக்காயம்கூட இல்ல. டயர் தடம்தான் இருந்துச்சு."