ஒரு நாள் தாமதம்

துப்பாக்கி வழக்குகளுக்கென்றே கிங்ஸ்டனில் இருக்கும் அந்த நீதிமன்றத்தில், சாட்சி நிற்கும் இடம் எது, குற்றம் சாட்டப்பட்டவர் நிற்கும் இடம் எது என்று வெர்லினுக்குப் பிடிபடவில்லை.

காவலர் காட்டிய இடத்தில் ஏறி நின்றாள்.

துப்பாக்கியைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் கொடுத்ததே அவள்தான். கொடுத்தவளுக்கு நன்றி சொல்வார்களா, பதினைந்து வருடம் உள்ளே தள்ளுவார்களா?

கூட வந்த சபைச் சகோதரிகள் ஆறு பேரும் தெருவில் நிற்கிறார்கள். இங்கே விசாரணை நடக்கும்போது வெளியாளை விடமாட்டார்கள்.

தானாக ஒப்படைத்தால் வழக்கு கிடையாது என்று அரசாங்கம் கொடுத்த கெடு சனிக்கிழமையோடு முடிந்தது. இவள் போனது ஞாயிறு காலை.

என்ன செய்வாள் பாவம்? வெள்ளிக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில்தான் அந்தப் பாழாய்ப்போன சாமான் சோளமாவு டின்னுக்குள் கையில் தட்டுப்பட்டது. வீட்டில் இருப்பது அவளும் மகன் கிமானியும். அவனிடம் கேட்கப் பயந்து, டின்னை மூடி வைத்துவிட்டாள். சூரியன் இறங்கிவிட்டால் அவள் சபைக்கு ஓய்வுநாள். மறுநாள் இறங்கும்வரை எந்த வேலையும் தொடமாட்டாள். சனிக்கிழமை முழுக்கச் சபையில் இருந்து, எல்லோரையும்விட உரக்கப் பாடினாள். இருட்டியபின் அவள் தெருவில் யாரும் நடமாடுவதில்லை.

இதையெல்லாம் சொல்லத்தான் ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்து வந்திருந்தாள். ஆனால் அரசு வழக்கறிஞர் தாமதத்தைப் பற்றிப் பேசவே இல்லை. காலையில் வந்த அறிக்கை என்று ஒரு காகிதத்தைப் படித்தார். சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, மூன்று தெரு தள்ளி ஒரு மீன் வியாபாரியைக் கொன்றது இதே துப்பாக்கியாம்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக இருந்தது. வெர்லினுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஞாயிறு காலை அது வைத்த இடத்தில்தானே கிடந்தது? ஒரு துளி மாவுகூடச் சிந்தியிருக்கவில்லையே?

பிறகு மெல்லப் புரிந்தது.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"பதட்டப்படாம சொல்லுங்கம்மா. சனிக்கிழமை ரெண்டு மணிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

அவளுடைய வக்கீலுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஒரு வார்த்தை உண்மையைச் சொன்னால் போதும், அவள் தப்பிவிடுவாள். பிறகு அந்த வீட்டில் மிச்சம் இருப்பது ஒரே ஆள்தான்.

நாற்பது வருடத்தில் ஒரு சனிக்கிழமைகூடச் சபைக்குத் தவறாத வெர்லின் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"வீட்லதான் இருந்தேன் ஐயா. நான் மட்டுந்தான் இருந்தேன்."