கோளாறு குணத்தில்

தையல்காரம்மாவின் ஏழு வருட முதுகுவலிக்கு, மனநல மருத்துவர் இரண்டே நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"ஸ்கேன்ல ஒண்ணுமில்லம்மா. கோளாறு உங்க குணத்துல." மேஜையில் கிடந்த, டிக் அடித்த கேள்வித்தாளைத் தட்டினார். "தூக்கமில்ல, தனியா உக்காந்து அழுகை, யாரைப் பார்த்தாலும் கடிச்சுக் குதறணும்போல எரிச்சல். இப்படிப்பட்டவங்களுக்கு வலி வராம என்ன செய்யும்? முதல்ல மனசை மாத்திக்குங்க."

"நான் எந்தத் தாளும்..."

"பார்த்தீங்களா, குறுக்கே பேசறதும் அதே குணம்தான்!"

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. அதற்குள் உதவியாளர் பெண் நிரப்பாத கேள்வித்தாள் ஒன்றோடு ஓடிவந்தாள்.

"அம்மா, இதை நிரப்பறதுக்குள்ள உள்ள வந்துட்டீங்களே!"

"அப்ப இது யாரோடது?" என்றார் மருத்துவர்.

உதவியாளர் பெண் தயங்கினாள். "புதுக் கேள்வித்தாள் சரியா இருக்கான்னு போன மாசம் நீங்களே நிரப்பிப் பார்த்தது சார். கடைவாய்ப் பல்வலியில மூணு நாள் எல்லார் மேலயும் எரிஞ்சு விழுந்தீங்களே, அப்ப."

தையல்காரம்மா முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"பல்லைப் பிடுங்கினீங்களா டாக்டர், இல்ல மனசை மாத்திக்கிட்டீங்களா?"